வெளியே நீட்டிய கை

அப்பா கார் ஓட்டும்போது இண்டிகேட்டரை மட்டும் நம்பிவிட மாட்டார். அதைப் போட்டுவிட்டு வலது கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். வேகத்தைக் குறைக்கப்போகிறார் என்றால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தட்டிக் கொடுப்பதுபோல மெதுவாக மேலும் கீழும் அசைப்பார். விளக்கே இல்லாத டிராக்டரில் தொழில் கற்றவர். பின்னால் நெல் மூட்டையோடு டிரெய்லர், அதற்குப் பின்னால் பஸ், லாரி எல்லாம் வரும். அவர்களோடு பேசுவதற்கு அப்பாவிடம் இருந்தது அந்த ஒரு கைதான். பிறகு பழைய கார் ஒன்றை வாங்கி பாபநாசத்தில் வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தபோதும் கை உள்ளே வரவில்லை.

என்னைக் கும்பகோணத்தில் கல்லூரியில் சேர்த்த அன்றைக்கு வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. அப்பா வழக்கம்போலக் கையை நீட்டி ஆட்டிக்கொண்டே நிறுத்தினார். எனக்கு உடம்பு கூசியது.

"அப்பா, கைய உள்ள வையி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கத்தானே பாப்பா நீட்டுறேன்" என்றார்.

அம்மா பின்சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். காலேஜ் படியேறிய முதல் ஆளும் நான்தான். அந்தப் படியில் கால் வைக்கும்போது எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்று பாபநாசத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அன்று அப்பாவிடம் சொன்னதைப் பெருமையாகச் சொல்ல முடியாது.

விபத்து நடந்தது குறுவை அறுப்பு நேரத்தில். பத்து நாள் விடாமல் மழை பெய்து, அன்றைக்குத்தான் வெயில் அடித்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று நெல்லைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். களம் எல்லாம் சேறு. காய்ந்த இடம் என்று இருந்தது தார்ச்சாலைதான். அதனால் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாலையில் போனாலும் பாதி அகலத்துக்கு நெல் பரப்பி, ஓரத்தில் செங்கல்லை வரிசையாக வைத்திருந்தார்கள். கார்க்காரர்கள் திட்டிக்கொண்டே அதன்மேல் ஏற்றிப் போனார்கள்.

அப்பா ஒரு கிராமத்தில் ஆள் ஏற்றிவரத் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வளைவு திரும்பினால் இடது பாதி முழுக்க நெல். எதிரே மினி பஸ் வந்தது. வலது பக்கம் ஒதுங்க வழியில்லை. மினி பஸ் போகட்டும் என்று நெல்லுக்கு முன்னால் காரை நிறுத்தினார். பின்னால் ஒரு பெரிய கார் ஒட்டியபடி வந்துகொண்டிருந்தது. அது வந்து மோதியது. அப்பாவின் காருக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போனது.

பெரிய காரை ஓட்டி வந்தவர் சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்தவர். அந்தப் பக்கம் ஒருகாலத்தில் நிலம் நீச்சு இருந்த குடும்பம். கோயிலுக்குப் போகும் வழியைப் போனில் பார்த்துக்கொண்டே வந்ததாகப் பிறகு தெரிந்தது. வெள்ளை வேட்டியும் சட்டையுமாக இறங்கிச் சத்தம் போட்டார். அப்பா இறங்கி, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, முதல் வார்த்தையாகச் சொன்னது இது:

"மன்னிச்சுக்குங்கய்யா. தப்பு எம்மேலதான்."

ஸ்டேஷனிலும் அதையே சொன்னார். ஏட்டு அப்படியே எழுதினார். "திடீரென்று பிரேக் போட்டுவிட்டேன், தவறு என்னுடையது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், மேல் நடவடிக்கை வேண்டாம்." அப்பாவுக்கு வாசிக்க வராது. கையெழுத்து மட்டும் போடுவார். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது சிலேட்டில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த கையெழுத்து அது. வலது கையைத் தூக்க முடியாமல், இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்தபடி கோணலாகப் போட்டிருந்தார்.

பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெரிய கார் கோயிலுக்குப் போய்விட்டது. அப்பா ஸ்டேஷனிலிருந்து கார் கிடந்த வளைவுக்கே திரும்பி வந்திருந்தார்.

"அவர்தானே வந்து இடிச்சாரு? நீ எதுக்குப்பா மன்னிப்பு கேட்ட?"

"குடும்பத்தோட சாமி கும்பிட வந்தவங்க பாப்பா. நான் நிக்காம போயிருந்தா இடிச்சிருப்பாங்களா?"

"அதுக்கு?"

அப்பா உடைந்த காரின் பின்னால் போய்க் கீழே கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார். நெல்லில் கலந்துவிடும் என்ற கவலை.

மறுநாள் காலையில் அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அம்மா கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். வலது மேற்கை பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பில் விரிசல் என்றார்கள். இடித்த அன்று வலி தெரியாமல் இருந்து மறுநாள் கழுத்து பிடித்துக்கொள்வது இந்த மாதிரி விபத்தில் சகஜம் என்று டாக்டர் சொன்னார். "பெல்ட் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். "போட்டிருந்தேங்க" என்றார் அப்பா. டாக்டர் எல்லாவற்றையும் காயச் சான்றிதழில் எழுதினார். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போனது. நான் கூடவே போய் உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்தேன். வழக்குப் பதிவானது.

கட்டுப் பிரித்து, கை சரியாகி, காரும் பட்டறையிலிருந்து வந்தது. அப்பா அதைத் தொடவில்லை. சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். காரைத் தகரக் கொட்டகையில் நிறுத்திவிட்டு அறுவடை மிஷினோடு வேலைக்குப் போனார்.

"ஏங்க, வண்டி துருப்புடிச்சுப் போவுது" என்பாள் அம்மா.

"என்னால ஒரு குடும்பத்துக்கு ஆபத்து வரப் பாத்துச்சு. போதும் விடு."

அவர் அதை நம்பினார். ஏட்டு எழுதிய அந்தக் காகிதம் ஸ்டேஷன் அலமாரியில் இருந்ததைவிட அப்பாவுக்குள் அழுத்தமாக இருந்தது. எனக்கு விபத்தின் மேல் இருந்த கோபத்தைவிட அந்த மன்னிப்பின் மேல்தான் கோபம். எப்படியாவது அந்த வார்த்தையை அவர் வாயாலேயே திரும்ப எடுக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கும்பகோணத்தில் பாத்திரக் கடை மாடியில் ஒரு வக்கீலம்மா இருந்தார். அப்பாவை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க, கழுத்து வலிக்கும்" என்றார் வக்கீலம்மா. பிறகு என்னைப் பார்த்து, "என்கிட்ட வர்ற கேஸ்ல பின்னால வந்து இடிச்சதுதாம்மா நெறைய. ஒண்ணு போனைப் பாத்துக்கிட்டு ஓட்டறது, இல்ல எடம் விடாம ஒட்டிக்கிட்டே வர்றது. மழைன்னா டயர் வழுக்கிடுச்சும்பாங்க. நம்ம பக்கத்துல மட்டும் கூடுதலா ஒண்ணு இருக்கு, நெல்லு."

"அவர்தான் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டாரே மேடம்?"

"சமாதானக் கடுதாசி குடுத்துட்டா எல்லாம் போச்சுன்னு ஊரே நம்பிக்கிட்டு இருக்கு. அப்படி இல்ல. அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு விபத்துத் தீர்ப்பாயத்துல மனு போடலாம். கார் ஓனர் மேலயும் போடலாம், அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேலயும் போடலாம். ஆறு மாசத்துக்குள்ள போட்டுடணும், அதுதான் முக்கியம். முன்னால போற வண்டி எப்ப நின்னாலும் தானும் நிக்கிற அளவுக்கு எடம் விட்டுத்தான் பின்னால வர்றவர் வரணும். சட்டமே அதான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஆனா காரணமில்லாம சடார்னு பிரேக் போடக் கூடாதுன்னும் இருக்கு. அவங்க வக்கீல் அதைத்தான் புடிப்பார். இவர் மேலயும் பாதித் தப்புன்னு ஆயிட்டா, கிடைக்கறதுல பாதி கழிஞ்சிடும். ஏங்க, நீங்க நிறுத்துன எடத்துல நெல்லு துழாவிக்கிட்டு யாராச்சும் நின்னாங்களா?"

"இல்லீங்க. நெல்லு மட்டுந்தான் கெடந்துச்சு."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவரை விடவில்லை. "நல்லா நெனச்சுப் பாருப்பா. ஒரு பொம்பள நின்னுருக்கலாம்ல? யாரும் இல்லாமலா அவ்ளோ நெல்லு கெடக்கும்? ஓரமா, மரத்தடியில?"

அப்பா ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கா பாப்பா நீ படிச்ச?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அதன் பிறகு அந்தப் பொம்பளையைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

ஆறு மாதம் முடிவதற்குள் மனு போட்டோம். கார் பட்டறைக்குப் போகும் முன்பே பிரேக் இன்ஸ்பெக்டர் இரண்டு காரையும் பார்த்துவிட்டு எழுதியிருந்த அறிக்கையும் எங்களுக்குச் சாதகமாக இல்லை. அப்பாவின் காரில் பின்விளக்குகள் முற்றிலும் நொறுங்கிவிட்டதால் அவை விபத்துக்கு முன் எரிந்தனவா என்று சொல்ல இயலாது என்று எழுதியிருந்தார். பழைய கார். பிரேக் லைட் எரியவே இல்லை என்று அவர்கள் சொன்னால் எங்களிடம் மறுக்க ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டிருக்கும் பஸ் சட்டென்று கிளம்பினால் உள்ளே நிற்பவர்கள் ஏன் பின்பக்கமாகச் சாய்கிறார்கள் என்பது கேள்வி. நாற்பது பிள்ளைகள் எழுதியிருந்த ஒரே பதிலை நாற்பது முறை படித்தேன். பக்கத்தில் அப்பாவின் வழக்குக் காகிதங்கள் கிடந்தன. அலுப்பில் தாளை வைத்துவிட்டு, காயச் சான்றிதழை எடுத்து இன்னொரு தடவை வாசித்தேன். வலது மேற்கையின் பின்புறம், முழங்கைக்குச் சற்று மேலே காயம், எலும்பில் விரிசல்.

பின்புறம்.

பின்னாலிருந்து இடித்தால் கார் முன்னே பாயும், உள்ளே இருப்பவர் உடம்பு பின்னே போகும். பின்னால் இருப்பது மெத்தை வைத்த சீட். அதில் பட்டு எப்படி எலும்பு விரியும்?

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன். கையை வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்தேன். அப்படியே முதுகைச் சீட்டில் அழுத்திச் சாய்ந்தேன். ஜன்னலின் பின்பக்கச் சட்டம் முழங்கைக்குச் சற்று மேலே, கையின் பின்புறத்தில் வந்து இடித்தது.

அப்பா கையைக் காட்டியிருக்கிறார். இடிபடும் நொடியிலும் கை வெளியேதான் இருந்திருக்கிறது. பின்னால் வருகிறவரிடம் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டு.

அவர் என் பேச்சைக் கேட்டுக் கையை உள்ளே வைத்திருந்தால் எலும்பு விரிந்திருக்காது. எங்களிடம் காட்டுவதற்கும் ஒன்றும் இருந்திருக்காது. கல்லூரி வாசலில் சொன்னதை நினைத்துக்கொண்டு அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து கதவைத் தட்டி, "வண்டிக்குள்ள உக்காந்து ஏன்டி அழுவுற?" என்று கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

வக்கீலம்மாவிடம் சொன்னதும் அவர் சான்றிதழை இரண்டு தடவை படித்தார். "டீச்சர், எனக்கே தோணலையே இது" என்றார். டாக்டரைச் சாட்சிக்கு அழைக்க ஏற்பாடு செய்தார். ஆனால் அப்பாவைப் பற்றிய கவலை அவருக்கும் இருந்தது. "அங்க வந்து கூண்டுல நின்னுக்கிட்டு மறுபடியும் மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டாருன்னா நான் என்னம்மா பண்றது?"

எனக்கும் அதே பயம்தான். சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், அவரை அவர் போக்கில் விடுங்கள் என்றார்.

சாட்சி நாள் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூண்டில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பின்வரிசை பெஞ்சில் இருந்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் வயதானவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"ரோட்டுல நெல்லுதானே கெடந்துச்சு? ஆளு யாரும் இல்லையே?"

"இல்லீங்க."

"அது மேல ஏத்திப் போயிருக்கலாமே. எல்லாரும் அப்படித்தானே போறாங்க?"

"போறாங்கதாங்க. ஈர நெல்லு மேல பிரேக் புடிச்சா வண்டி நிக்காது, சறுக்கிக்கிட்டு ஓடும். எதுத்தாப்ல மினி பஸ்ஸு நெறைய சனங்க." அப்பா வக்கீலை நிமிர்ந்து பார்த்தார். "அதோட, அது சோறுங்க."

"உங்க பிரேக் லைட் எரிஞ்சுதா?"

"முன்னால உக்காந்திருக்கவனுக்குப் பின்னால எரியறது எப்படிங்க தெரியும்? அதுக்காவத்தான் கையக் காட்டுனது."

"கையக் காட்டினதா ஸ்டேஷன்ல நீங்க சொல்லவே இல்லையே. இப்பத்தானே சொல்றீங்க?"

"யாரும் கேக்கலீங்க. ஆனா அந்த ஐயா பாத்தாரு. எறங்குனவுடனே அதைத்தான் கேட்டாரு. கைய ஆட்டுறியே, முந்திப் போன்னு அர்த்தமா, நில்லுன்னு அர்த்தமான்னு சத்தம் போட்டாரு."

யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இதை அப்பா எங்கள் இருவரிடமும் சொன்னதே இல்லை. கை காட்டியது புரியாமல் போனதையும் தன் தப்பின் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்திருக்கிறார்.

அந்த வக்கீல் காகிதம் ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார். தூரத்திலிருந்தே அந்தக் கோணல் கையெழுத்து எனக்குத் தெரிந்தது.

"எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சீங்கன்னா எதுக்கு மன்னிப்பு கேட்டீங்க? தப்பு என்மேலன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

நான் அன்றைக்கே கேட்டு அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி. அப்பா கட்டியிருந்த கையைப் பிரித்தார். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். நீதிபதியும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"எங்கப்பா பண்ணை ஆளுங்க. பண்ணை வூட்டு வண்டி வந்தா வாய்க்காலுக்குள்ள எறங்கி நிப்பாரு. சின்னப் பையன்ல நானும் கூட எறங்கி நிப்பேன். வண்டி போற வரைக்கும் மன்னிச்சுக்குங்கய்யாம்பாரு. நாங்க ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டோம், ரோட்டுல நின்னதுதான்." நீதிபதி பக்கம் திரும்பினார். "வெள்ளை வேட்டி கோவமா வந்தா எனக்கு மொதல்ல அந்த வார்த்தைதான் வருது. வெறும் பழக்கமுங்க அது."

நீதிபதி கேட்டார்: "சரி. இப்ப சொல்லுங்க, தப்பு யார் மேல?"

அப்பா திரும்பி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"எம்மேல இல்லீங்கய்யா."

நீதிபதி பக்கத்தில் இருந்த தட்டச்சு அம்மாவிடம் சாட்சியமாகச் சொல்லிக்கொண்டே போனார். "தவறு என் மீது இல்லை." விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். ஒரு வார்த்தை எழுத்தில் ஏறும் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

தீர்ப்பு அதற்கும் அடுத்த குறுவை அறுப்பு சமயத்தில் வந்தது. போதிய இடைவெளி விடாமல் வந்த பின் வண்டியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்றும், அப்பா மேல் எந்தப் பங்கும் இல்லை என்றும் எழுதியிருந்தது. தொகையை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஒரு வரியை மட்டும் நீதிமன்ற வராந்தாவிலேயே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னொருக்கா படி" என்றார். படித்தேன்.

இதற்கிடையில் நான் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். கும்பகோணத்திலிருந்து அப்பாவின் காரை நான்தான் ஓட்டி வந்தேன். அப்பா இடது பக்கம் உட்கார்ந்து, கால் அடியில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார். பாபநாசம் தாண்டி உள்சாலையில் திரும்பியபோது ஒரு வளைவை ஒட்டி நெல் பரப்பியிருந்தது. எதிரே டிராக்டர் வந்தது. இண்டிகேட்டரைப் போட்டேன்.

"கை" என்றார் அப்பா.

கையை வெளியே நீட்டினேன். உள்ளங்கையைக் கீழே வைத்து மெதுவாக ஆட்டினேன். கண்ணாடியில் பின்னால் வந்த வேன் வேகம் குறைந்து தள்ளி நிற்பது தெரிந்தது.

நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண் பதறி ஓடிவந்தாள். "கோச்சுக்காதீங்க, மன்னிச்சுக்குங்க, ரெண்டே நிமிசம், ஒதுக்கிடுறேன்" என்று குனிந்து செங்கல்லை நகர்த்தப் போனாள்.

அப்பா தலையை வெளியே நீட்டினார். "மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? டிராக்டர் போனா நாங்க போறோம், நீ காய வையி." பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "ஆனா வளைவுல கொட்டாத. தள்ளிக் கொட்டு. வர்றவனுக்குக் கண்ணு தெரியணும்ல?"

"சரிங்கண்ணே" என்றாள் அவள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு.

டிராக்டர் போய்விட்டது. நான் கியரைப் போடவில்லை. அப்பாவும் கிளம்பு என்று சொல்லவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஓரமா நிறுத்து" என்றார்.

நெல்லைத் தாண்டிப் போய் ஓரமாக நிறுத்தினேன். பின்னால் நின்ற வேன் எங்களைக் கடந்து போனது. அப்பா இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார்.

"தள்ளு பாப்பா. க்ளட்ச்ச நீ கொன்னுக்கிட்டு வர்ற."

நான் இடம் மாறி உட்கார்ந்தேன். அப்பா சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார், பெல்ட்டைப் போட்டார், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார். பிறகு பின்னால் யாரும் வராத அந்தச் சாலையில், வலது கையை வெளியே நீட்டிக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.